வேறு என்ன மாத்திரை?

3 ஜூன், செவ்வாய், காலை

அக்கா,

இது கடிதம் இல்லை. பரிசோதனை.

தினமும் ஐந்து வரியாவது கையால் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்லீரல் வடிகட்டாமல் விடுகிற நஞ்சு மூளைக்கு ஏறினால் முதலில் எழுத்து கோணுமாம், வரி சரியுமாம். கீழே ஒரு நட்சத்திரமும் வரைய வேண்டும். ஐந்து முனை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோலக் கோடு போட்ட நோட்டு, பென்சில். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“யாருக்கு எழுதறது?” என்று நர்ஸைக் கேட்டேன்.

“யார் மேல கோபமோ அவங்களுக்கு எழுதுங்க. அப்பத்தான் அஞ்சு வரியோட நிக்காது.”

நான்கு வருடத்துக்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதத்துக்குக் காரணம் இதுதான். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

நடந்தது இவ்வளவே. ஐந்து நாள் காய்ச்சல், முதுகு வலி. வேலையிடத்து முதலுதவிப் பெட்டியில் இருந்த மஞ்சள் மாத்திரையை அளவு தெரியாமல் விழுங்கினேன். சரியாகச் சாப்பிடவும் இல்லை. கண் மஞ்சளானதும் கொண்டுவந்து போட்டார்கள்.

நீ கீழே காத்திருப்புக் கூடத்தில் இருப்பதாக அம்மா சொன்னாள். இருந்துகொள். உள்ளே வர வேண்டாம். நர்ஸிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்று. இந்த மாடியில் லிஃப்ட் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரும் இறங்கும்போது டொக், டொக். படுத்தபடி எண்ணுகிறேன். இன்று பதினொன்று. பன்னிரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன், இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடப்பதுதான் பெரிய நோய்.

நட்சத்திரம் கீழே.


3 ஜூன், செவ்வாய், மதியம்

முசுடுக்கு,

உன் வரிகள் நேராக இருக்கின்றன. அதைத்தான் முதலில் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறாய் என்பதைப் பிறகு படித்தேன். நட்சத்திரம் மூடியிருக்கிறது. ஐந்து முனை. விரல் வைத்து எண்ணினேன்.

நர்ஸ் இதை உன்னிடம் கொடுப்பதாகச் சொன்னார். “உங்க தம்பி வாயைத் திறந்தாலே சண்டைதான், ஆனா எழுதறப்ப நாக்கைத் துருத்திக்கிட்டு எழுதறார்” என்றார். இன்னும் போகவில்லையா அந்தப் பழக்கம்.

பயந்திருப்பாய். நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். மருந்துக்கடைக்காரி என்றாலும் இவ்வளவு தெரியும். அந்த மாத்திரை கல்லீரலின் ஒவ்வொரு சிறு மடலிலும் நடுவில் இருக்கிற செல்களைத்தான் முதலில் கொல்லும். ஓரத்தில் இருப்பவை தப்பிக்கும். தப்பித்தவை சும்மா இருக்காது. பார்த்துக்கொண்டிருந்த வேலையோடு சேர்த்து, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். வெளியிலிருந்து ஆள் வராது. இருக்கிற ஆட்களே பெருக வேண்டும். சாகாத செல்கள் போதுமான அளவு மிஞ்சியிருந்தால், நேரமும் கிடைத்தால், பழையபடி ஆகிவிடும். தழும்புகூட இருக்காது.

மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் தெரியாது. ரத்தம் உறைய எடுக்கும் நேரம் ஆறு மணிக்கொரு தடவை பார்க்கிறார்கள். அது கூடிக்கொண்டே போகிறது.

என்னையும் பரிசோதித்தார்கள். ரத்தம், ஸ்கேன், எல்லாம். தேவைப்பட்டால் என் கல்லீரலில் பெரிய பாதியை எடுத்து உனக்கு வைக்கலாம். பொருந்துகிறது. இருவருக்கும் மூன்று மாதத்தில் ஏறக்குறைய முழுதாக வளர்ந்துவிடும்.

மஞ்சள் மாத்திரை மட்டும்தானா?

அக்கா


4 ஜூன், புதன், காலை

அக்கா,

வேண்டாம்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன், தாளிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் வேண்டாம். உன் துண்டு ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு எப்படிச் சண்டை போடுவது?

கொடுக்கிறவர்களிலும் சில நூறு பேருக்கு ஒருவர் மேசையிலிருந்து எழுந்திருப்பதில்லையாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவை யார் பார்ப்பது? நானா?

அப்புறம் அந்தப் பேச்சு. எழுதுவது எழுதுகிறேன், முழுதாகவே எழுதிவிடுகிறேன். அப்பாவுக்குப் போட்டிருந்த செயற்கை மூச்சுக் குழாயை எடுக்கலாம் என்று நீ கையெழுத்துப் போட்டாய். நான் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றிருந்தேன். சுரங்கம் மாதிரி இடம், போன் எடுக்காது. வெளியே வந்து பார்த்து ஓடி வந்தேன். நாற்பது நிமிடம், அக்கா. நாற்பது நிமிடம் பொறுக்க முடியவில்லை உனக்கு. கையைத் தொட்டபோது சூடு இருந்தது. அதுதான் மோசம். குளிர்ந்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

இப்போதும் பேனாவோடு கீழே உட்கார்ந்திருக்கிறாய்.

இன்று கையை முன்னால் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் பிடிக்கச் சொன்னார்கள். விரல்கள் லேசாகப் படபடத்தன. டாக்டர் எழுதிக்கொண்டார்.

“வளர்றது சரி, டாக்டர். எங்க நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“உடம்புக்கு ஏத்த அளவு வந்ததும் நின்னுடும்.”

“யார் சொல்லுவா?”

“முழுசா தெரியாதுப்பா. தேடிக்கிட்டே இருக்கோம்.”

எங்கள் வேலையில் கூண்டு போகிற பாதையில் மாடிக்கு ஒரு காந்தம் வைத்திருப்போம். அது சொல்லும். காந்தமே இல்லாமல் நிற்கிற லிஃப்ட்டை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையாக இருக்கிறது.

நட்சத்திரம்.


4 ஜூன், புதன், மாலை

முசுடுக்கு,

மூன்றாவது பத்திக்குப் பிறகு உன் வரிகள் வலது பக்கம் இறங்குகின்றன. அப்பாவைப் பற்றி எழுதியதால் என்று நினைத்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். நட்சத்திரத்தின் ஒரு முனை மூடவில்லை.

பேனா என் பையில் இருக்கிறது. நீ சரி என்று சொல்லாமல் எடுக்க மாட்டேன். இந்தத் தடவை காத்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் என்று எழுத நினைத்தேன். நாளை நான்கு மணி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் உறையும் நேரம் திரும்பவில்லை என்றால் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு நொதியின் எண் ஒன்பதாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்கு இறங்கியிருக்கிறது. செல் சாகும்போது கொட்டுகிற நொதி அது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர், தன் மனைவிக்காக மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறவர், “இறங்குதுன்னா நல்லதுதானேம்மா?” என்றார். தலையாட்டினேன். ஆறிக்கொண்டு வந்தாலும் அந்த எண் இறங்கும். சாவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லையென்றாலும் இறங்கும். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு எண்ணுக்காக மட்டும் காத்திருக்கிறேன். பாஸ்பரஸ். செல்கள் பிரிய ஆரம்பித்தால் ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸை உறிஞ்சி எடுத்துவிடும். குறைந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். இன்னும் குறையவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாளை.

அக்கா


5 வியாழன்

அக்கா

லிஃப்ட் வந்துவிட்டது கதவு திறக்கிறது தரை இல்லை

அப்பாவிடம் சொல் நான் மேலே நிற்கிறேன் கம்பி வடம் பக்கத்தில் எண்ணெய் போட்டாயிற்று எண்ணெய்

இரண்டு விரல் இரண்டு

வா அக்கா வந்து கையெழுத்துப் போடு நான் இறங்கணும்

வா


5 ஜூன், வியாழன், மாலை

தம்பி,

இதை நீ இப்போது படிக்க முடியாது. நர்ஸ் உன் அலமாரியில் வைப்பதாகச் சொன்னார்.

உன் காகிதம் பத்து மணிக்கு வந்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நட்சத்திரத்துக்கு ஆறு முனை, ஆறும் திறந்திருந்தன. பதினொரு மணிக்கு உனக்கு உன் பெயர் தெரியவில்லை. மதியம் குழாய் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள்.

நேற்றுத் தெளிவாக இருந்த நீ வேண்டாம் என்று எழுதினாய். இன்று கலங்கிப்போன நீ வா, கையெழுத்துப் போடு என்கிறாய். எதைத் தம்பி என்று எடுத்துக்கொள்ள? அது சம்மதம்தானா என்பதும் நிச்சயமில்லை. வேலை முடிந்ததும் கட்டடக்காரரிடம் தாளில் கையெழுத்து வாங்குவாயே, அதைக் கேட்டாயோ என்னவோ.

டாக்டரிடம் காட்டினேன். “இதைச் சம்மதமா எடுத்துக்க முடியாதும்மா. அம்மாவும் நீங்களும்தான் முடிவு பண்ணணும்” என்றார். அம்மா நான் விரல் வைக்கிற இடத்தில் போடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் போட்டாள்.

நான்கு மணிக்குத் தாள் வந்தது. நாற்பது நிமிடம் வேண்டும் என்றேன். எதற்கு என்று டாக்டர் கேட்கவில்லை.

அந்த நாற்பது நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் ஓடி வரவில்லை. எந்த எண்ணும் மாறவில்லை. இருந்தாலும் அது எவ்வளவு நீளம் என்று இப்போது தெரியும். அன்றைக்கு அப்பாவுக்கு வலிப்பு நிற்கவே இல்லை. அதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். நீ பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதையும் நானே முடிவு செய்துவிட்டேன். அது தப்பு.

நாலு நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை அறுவை சிகிச்சை.

நேற்று எழுதாமல் விட்டது இதுதான். அம்மா உனக்குக் கொண்டுவந்த வெள்ளை மாத்திரை நான் கொடுத்தது. என் பெயரைச் சொன்னால் நீ தொட மாட்டாய் என்று, “கடையில வாங்கினேன்னு சொல்லும்மா” என்றேன். “பொய் இல்லையே, கடையிலதானே வாங்கறேன்” என்று சிரித்துக்கொண்டே போனாள். மஞ்சளும் வெள்ளையும் ஒரே மருந்துதான். பெயரும் நிறமும்தான் வேறு. தனித்தனியாக இரண்டுமே அளவுதான். சேர்ந்தால், அதுவும் வெறும் வயிற்றில், ஐந்து நாள், கல்லீரல் தாங்காது.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்பேன். “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” மூட்டு வலிக்காரரிடம், கைக்குழந்தைக்காரியிடம், கேட்டாலே எரிந்து விழுகிற பென்ஷன்காரரிடம். உன்னிடம் கேட்கவில்லை. அம்மா மூலமாகக் கேட்டால் நான்தான் என்று தெரிந்துவிடும்.

டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

உன் மாடி வாசல்வரை வந்தேன், லிஃப்ட் இன்னும் அப்படியே நிற்கிறது. நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா


10 ஜூன், செவ்வாய்

அக்கா,

தொண்டை புண்ணாக இருக்கிறது. பென்சில் கனக்கிறது. இன்று செவ்வாய் என்கிறார்கள். புதனுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஐந்து நாளை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

வயிற்றைத் தடவிப் பார்த்தேன். தையல் இல்லை.

நர்ஸைக் கேட்டால், “அக்காவைக் கேளுங்க” என்கிறார். உனக்கு என்ன ஆயிற்று? நீ எங்கே இருக்கிறாய்? உனக்குத் தையல் இருக்கிறதா? எனக்கு வைக்காமல் உன்னை மட்டும் அறுத்துவிட்டார்களா? இப்படியெல்லாம் யோசனை ஓடுகிறது.

அலமாரியில் உன் எழுத்தில் ஒரு உறை இருக்கிறது. திறக்கப் பயமாக இருக்கிறது. முதலில் இதற்குப் பதில் எழுது.

நட்சத்திரம் சரியா?


10 ஜூன், செவ்வாய், மதியம்

முசுடுக்கு,

ஐந்து முனை. மூடியிருக்கிறது. கூடத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என்னை அறுக்கவில்லை. ஆனால் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பச்சை உடை மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். உன் மாடி வழியாகத்தான் போக வேண்டும். லிஃப்ட்டிலிருந்து இறக்கும்போது டொக், டொக். உன் இரண்டு விரற்கடை. பல் மோதி நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்னை நீ எண்ணவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாய்.

தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். மேலே மூன்று விளக்கு, நடுவில் இருந்தது துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து ஒரு இளம் டாக்டர் வந்து, “காலை ரத்தத்துல பாஸ்பரஸ் ரொம்ப இறங்கிப்போச்சு, என்ன செய்யலாம்?” என்று பெரியவரிடம் பதறினார். நான் ஸ்ட்ரெச்சரிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “எவ்வளவு?” என்று கத்தினேன். பெரியவர் என்னைப் பார்த்தார். தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பாஸ்பரஸ் பாதிக்கும் கீழே. உறையும் நேரம் முதல் தடவையாகக் குறைந்திருந்தது, கொஞ்சம்தான், நம்பலாமா கூடாதா என்கிற அளவு.

“ஆறு மணி நேரம் பாக்கலாம்மா” என்றார்.

ஆறு மணி நேரம். பிறகு இன்னொரு ஆறு. அந்தப் பச்சை உடையிலேயே, தண்ணீர்கூடக் குடிக்காமல், வாசலில் உட்கார்ந்திருந்தேன். எந்த நேரமும் கூப்பிடலாம். ஒவ்வொரு ரத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது. பாஸ்பரஸ் ஊசி ஏற்ற ஏற்ற உன் கல்லீரல் தின்றுகொண்டே இருந்தது. அப்பாவின் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்பாயே, அந்த மாதிரி.

சாயந்திரம் பெரியவர் வந்து, “உடை மாத்திக்கங்க, வீட்டுக்குப் போங்க” என்றார். போகவில்லை.

அந்த உறையைத் திற. திறந்த பிறகு எனக்கு எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா


11 ஜூன், புதன்

அக்கா,

மூன்று தடவை படித்தேன். நீ மன்னிப்புக் கேட்கவில்லை, கவனித்தேன். கேட்டிருந்தால் கிழித்திருப்பேன்.

வலிப்பு பற்றி எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது பதில் இல்லை.

மாத்திரைக்குப் பதில் இருக்கிறது.

எனக்குத் தெரியும்.

அம்மா கொண்டுவந்த காகித உறையில், படிக்கத் தெரியாதவர்களுக்கு நீ போடுவாயே, காலைக்கு அரைச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன். உன் சூரியனுக்கு ஏழு கதிர், அதில் ஒன்று மட்டும் நீளம். பள்ளிக்கூட நோட்டிலிருந்தே அப்படித்தான். அம்மா செருப்பைக் கழற்றும் முன்பே கண்டுபிடித்துவிட்டேன்.

முதலுதவிப் பெட்டி மாத்திரையிலேயே வலி மட்டுப்பட்டிருந்தது. வெள்ளையைச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை. நீ போட்ட சூரியனுக்குச் சூரியன் சாப்பிட்டேன், வேளை தவறாமல். நான்கு வருடத்துக்குப் பிறகு நீ சொன்ன ஒன்றைக் கேட்கிறேன் என்று. வலிக்கு மஞ்சள். வெள்ளை சும்மா, உனக்காக.

டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன். உனக்கு எழுதும்போது மஞ்சளை மட்டும் எழுதினேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த டாக்டரைப் பார். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம். வாயே திறக்கவில்லை மனிதர்.


11 ஜூன், புதன், மாலை

முட்டாளே,

சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொண்டாய் இல்லையா? ஒரு போன் போட்டு, “இது என்ன மாத்திரை?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மூன்றே சொல். செத்திருப்பாயேடா.

இனிமேல் எழுத முடியவில்லை. கை ஆடுகிறது. எனக்கு ஈரல் நன்றாகத்தான் இருக்கிறது.


8 ஜூலை, செவ்வாய்

அக்கா,

கேட்டிருந்தால் பேசியதாகிவிடும்.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் இவ்வளவுதான். எழுத நான்கு வாரம் ஆயிற்று. நீயும் அதே காரணத்துக்காகத்தான் கேட்கவில்லை.

நேற்று ஸ்கேன். அளவு சரியாக இருக்கிறது. தழும்பு இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தரைக்குத் தரை நின்றிருக்கிறது. “ஒரு தடவை அடிபட்டா மறந்துடும். திரும்பத் திரும்ப அதே இடத்துல அடிச்சா தழும்பாயிடும், அப்புறம் வளராது” என்றார் டாக்டர். கல்லீரலைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி லிஃப்ட்டைச் சரி செய்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, நானே போய்க் கெஞ்சினேன். காந்தம் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தது, அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிறேன். காலையில் கூண்டின்மேல் ஏறும் முன் கையை நீட்டிப் பார்க்கிறேன். ஆடவில்லை. கூட வேலை செய்கிறவர்கள், “யாரைய்யா நிறுத்தறே?” என்று சிரிக்கிறார்கள். நிம்மதி என்று சொல்ல முடியாது. தினமும் ஐந்து வரி எழுதுகிறேன், நட்சத்திரம் வரைகிறேன், முனையை எண்ணுகிறேன். டாக்டர் போதும் என்றார். எனக்குப் போதவில்லை.

அம்மாவிடம் அந்த மாத்திரை உறையைப் பற்றி மூச்சு விடாதே. தூக்கிக்கொண்டு வந்தது அவள். அது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த வியாழக்கிழமைக் காகிதத்தை எடுத்து வை. நான் என்ன உளறினேன் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். அப்பாவின் வலிப்பைப் பற்றியும் நீதான் சொல்ல வேண்டும், எழுத வேண்டாம்.

வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. எழுதிவிட்டான் என்று விட்டுவிடாதே. கதவைத் திறந்ததும் கேள். சொல்கிறேன்.